கறியல்லாத கர்ரி

‘கர்ரியிங்’ என்ற சொல்லை முதன்முதலாகக் கேட்கும் தமிழருக்கு அடுப்படி நினைவு வராமல் இருக்காது. கட்டுமரமும் மிளகுத்தண்ணீரும் ஆங்கிலத்துக்குள் போன வழியில்தான் நம் கறியும் போனது. ஆங்கில அகராதிகளே ‘கர்ரி’ என்ற உணவுப் பெயருக்குத் தமிழை மூலமாகக் காட்டுகின்றன. அதனால் கணினித் துறையில் அதே எழுத்துகளோடு ஒரு கலைச்சொல் எதிர்ப்படும்போது, இதுவும் நம்முடையதுதான் என்று மனம் முந்திக்கொள்கிறது. அப்படிச் சொல்பவர்களை நான் கேட்டிருக்கிறேன். அது சரியில்லை. அந்தக் கலைச்சொல்லுக்கும் கறிக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. ஆனாலும் ஒரு கணினி மொழிக்குப் பெயர் வைத்த கதைக்குள் கறி வந்து போயிருக்கிறது. எந்த இடத்தில் வந்தது என்பதைச் சரியாகக் காட்டுவதுதான் சொல்லாராய்ச்சிக்கு அழகு.

பெயரைத் தேடுவதற்கு முன் பெயருக்குரிய பொருளைப் பார்த்துவிடுவோம். என் கணினியில் நாள்தோறும் ஓடும் ஒரு சிறு நிரலையே எடுத்துக்கொள்கிறேன். பாட்காஸ்ட் ஓடைகளைப் படித்து, புதிதாக வந்த ஒலிக்கோப்புகளை மட்டும் தானாக இறக்கி வைப்பது அதன் வேலை. ஓடை என்று நாம் சொல்வது, ஒரு தளத்தில் என்னென்ன புதிதாக வந்திருக்கிறது என்று பட்டியலிடும் எக்ஸ்.எம்.எல். கோப்பு. அதற்கான ஆர்.எஸ்.எஸ். வடிவம் 1999இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் உருவானது. உருவாக்கியவர்களில் ஒருவரான ஆர். வி. குஹா சென்னை ஐ.ஐ.டி.யில் படித்தவர். ஒலிக்கோப்பின் முகவரியைத் தாங்கிவரும் ‘என்குளோஷர்’ என்ற குறியை 2000 டிசம்பரில் டேவ் வைனர் சேர்த்தார். கோப்பு எங்கே இருக்கிறது, எத்தனை பைட், என்ன வகை என்ற மூன்றும் அந்த ஒரே குறிக்குள் இருக்கும். பாட்காஸ்ட் என்ற ஏற்பாடு முழுவதும் இந்தச் சின்னக் குறியின் மேல்தான் நிற்கிறது.

இந்த வேலையை ஷெல் கருவிகளை மட்டும் வைத்தே தொடங்கலாம். கர்ல் ஓடையைக் கொண்டுவரும். கிரெப் ‘என்குளோஷர்’ உள்ள வரிகளைப் பிடிக்கும். செட் அந்த வரியிலிருந்து முகவரியை வெட்டி எடுக்கும். ஏற்கெனவே இறக்கியவற்றின் பட்டியலோடு ஒப்பிட்டு, மிஞ்சிய முகவரிகளை எக்ஸ்ஆர்க்ஸ் ஒவ்வொன்றாக மறுபடி கர்லிடம் ஒப்படைக்கும். குறித்த நேரத்தில் இத்தனையையும் கிளப்பிவிடுவது கிரான். ஒரு நிரலின் வெளியீடு அடுத்த நிரலுக்குள் பாயும் இந்தக் குழாய் ஏற்பாட்டைப் பற்றி, 1964லேயே தோட்டத்துக் குழாய்களைப் போல நிரல்களை மாட்ட வேண்டும் என்று டக் மெக்கில்ராய் எழுதிவைத்திருந்தார். 1973இல் கென் தாம்ப்சன் அதை யூனிக்ஸில் செய்து முடித்தார். இந்தக் கருவிகளின் பெயர்களுக்கும் பூர்வீகம் உண்டு. ‘எட்’ என்ற பழைய தொகுப்பானில், கோப்பு முழுவதும் தேடு, இந்த வடிவம் உள்ள வரிகளைக் காட்டு என்று இடும் ஆணையின் எழுத்துகளைச் சேர்த்துப் படித்தால் வருவது கிரெப். கர்ல் முதலில் எச்.டி.டி.பி.கெட் என்றும் பிறகு யூ.ஆர்.எல்.கெட் என்றும் இருந்து, 1998 மார்ச்சில் டேனியல் ஸ்டென்பெர்க் கையால் இப்போதைய பெயரைப் பெற்றது. இவையெல்லாம் செய்தவர்களே வைத்த பெயர்கள், செய்த வேலையைச் சொல்லும் பெயர்கள். ஆராய அதிகம் இல்லை.

கிரெப் வரி வரியாகத்தான் பார்க்கும். எக்ஸ்.எம்.எல்.லோ வரிகளைப் பொருட்படுத்துவதே இல்லை. சில தளங்கள் ஓடை முழுவதையும் ஒரே நீண்ட வரியாக அனுப்பும். சிலவற்றில் ஒரு குறியே மூன்று வரிகளில் முறிந்து கிடக்கும். முதல் வகையில் கிரெப் எல்லாவற்றையும் அள்ளிவிடும். இரண்டாவதில் முகவரி நழுவிப்போகும். ஆகவே ஓடையைப் பிரித்துப் படிக்கும் நடுப்பகுதியை ஹாஸ்கெல் என்ற சார்பு நிரல்மொழியில் எழுதிக்கொள்வது நல்லது. கொண்டுவருவதும் நேரம் பார்ப்பதும் ஷெல்லிடமே இருக்கட்டும்.

ஹாஸ்கெல் பகுதியில் ‘இறக்கு’ என்று ஒரு சார்பு இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். பள்ளிக் கணக்கில் படித்த அதே சார்புதான்: உள்ளீடு கொடுத்தால் விளைவு தரும். அதற்கு இரண்டு தகவல்கள் தேவை. எந்தக் கோப்புறையில் வைப்பது, எந்த முகவரியிலிருந்து எடுப்பது. வேறு பல மொழிகளில் இந்த இரண்டையும் அடைப்புக்குறிக்குள் சேர்த்து ஒரே நேரத்தில் கொடுத்தாக வேண்டும். ஹாஸ்கெலில் ஒரு சார்பு ஒரே ஓர் உள்ளீட்டைத்தான் வாங்கும். ‘இறக்கு’க்குக் கோப்புறையை மட்டும் கொடுத்தால், அது பிழை என்று முரண்டு பிடிக்காது, அந்தக் கோப்புறையை நினைவில் வைத்துக்கொண்டு முகவரிக்காகக் காத்திருக்கும் புதியதொரு சார்பைத் திருப்பித் தரும். இசைத் தொடருக்கு ஒரு கோப்புறையைக் கொடுத்து ஒரு சார்பு, வரலாற்றுத் தொடருக்கு இன்னொன்றைக் கொடுத்து இன்னொரு சார்பு என்று ஆக்கிக்கொண்டு, ஓடையிலிருந்து வந்த முகவரிப் பட்டியலின் மேல் அவற்றை ஓட்டிவிடலாம். பல உள்ளீடுகளை ஒருசேரக் கேட்கும் சார்பை, ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்கும் ஒற்றை உள்ளீட்டுச் சார்புகளின் தொடராக மாற்றுவது: இதுதான் கர்ரியிங். எக்ஸ்ஆர்க்ஸ் செய்வதும் இதுதானே என்று ஷெல்லில் பழகியவர்கள் கேட்பார்கள். நெருங்கிய உறவு, ஆனால் இதுவேயல்ல. ஆணையின் முற்பகுதியை நிலையாகப் பிடித்துக்கொண்டு மிச்சத்தைக் குழாயிலிருந்து நிரப்புவது எக்ஸ்ஆர்க்ஸ். அது சில உள்ளீடுகளை மட்டும் முன்கூட்டிக் கொடுத்துவைப்பது. கர்ரியிங் சார்பின் அமைப்பையே மாற்றுவது. இந்த இரண்டையும் ஒரே பெயரால் அழைக்கும் பழக்கம் பாடநூல்களில்கூடக் காணப்படுகிறது. பிரித்துச் சொல்வதே சரி.

இனி பெயர். நம் கறியிலிருந்தே தொடங்குவோம். சங்க நூல்களில் கறி என்றால் மிளகு. யவனரின் கலங்கள் பொன்னோடு முசிறிக்கு வந்து மிளகோடு திரும்பியதைச் சொல்லும் எருக்காட்டூர்த் தாயங்கண்ணனாரின் அகநானூற்றுப் பாட்டில் (149) மிளகுக்கு வரும் சொல் கறிதான். கறித்தல் என்ற வினைக்குக் கடித்தல், மெல்லுதல் என்று பொருள். மிளகிட்டுச் சமைத்தது கறியாகி, பிறகு தொட்டுக்கொள்ளும் எதுவும் கறியானது என்று பொருள் விரிவை விளக்குவோர் உண்டு. இன்று யாழ்ப்பாணத்தில் காய்கள் மரக்கறி. தமிழ்நாட்டில் வெறுமனே கறி எடுத்தேன் என்றால் இறைச்சி. சில வீடுகளில் வாழைக்காய்ப் பொரியலும் கறி. கருவேப்பிலை என்று நாம் சொல்வதும் கறிவேப்பிலைதான். போர்ச்சுகீசியர் வழியே மேற்குக்குப் போன சொல், லின்ஸ்கோட்டனின் பயண நூல் 1598இல் ஆங்கிலமானபோதே ஆங்கில அச்சில் தலைகாட்டியது. 1747இல் ஹன்னா கிளாஸின் சமையல் நூலில் இந்திய முறையில் கர்ரி செய்யும் குறிப்பு வந்துவிட்டது. யூலும் பர்னெலும் தொகுத்து 1886இல் வெளிவந்த ஹாப்சன் ஜாப்சன் அகராதி தமிழ் மூலத்தை விரிவாகவே சொன்னது. இவ்வளவும் உறுதியான நிலம்.

ஆனால் ஆங்கிலத்தில் அந்த ஒலியோடு வேறு சொற்களும் ஏற்கெனவே குடியிருந்தன. குதிரையின் உடம்பைத் தேய்த்துச் சீவுவதற்கும், பதனிட்ட தோலை மேலும் பக்குவப்படுத்துவதற்கும் ‘கர்ரி’ என்ற வினை உண்டு. அது பழைய பிரெஞ்சில் ஆயத்தப்படுத்துதல் என்ற பொருளுள்ள சொல்லிலிருந்து வந்தது. இரண்டாம் ரிச்சர்டு மன்னரின் சமையற்காரர்கள் ஏறக்குறைய 1390இல் தொகுத்த குறிப்புகள், பிற்காலத்தில் அச்சாகும்போது ‘ஃபார்ம் ஆஃப் கியூரி’ என்று பெயர் பெற்றன. இந்தியக் கறி அப்போதே இங்கிலாந்துக்கு வந்துவிட்டது என்று சிலர் இதைச் சான்று காட்டுவதுண்டு. அந்தக் ‘கியூரி’ சமையல் என்ற பொருளுள்ள பிரெஞ்சுச் சொல். வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டில் இறங்குவதற்கு நூறாண்டுக்கு முந்தியது. ஒலி ஒத்ததால் உறவு கொண்டாடிய தவறு இங்கே ஆங்கிலேயருடையது. அதே தவறை நாம் கர்ரியிங்கில் செய்ய வேண்டியதில்லை.

கர்ரியிங்கில் இருக்கும் கர்ரி ஒரு மனிதரின் குடும்பப் பெயர். அயர்லாந்திலும் ஸ்காட்லாந்திலும் வேரூன்றியது. அயர்லாந்துக் குடும்பங்களில் அது கேலிக் மொழிப் பெயர் ஒன்றின் ஆங்கிலத் திரிபு. ஹாஸ்கெல் புரூக்ஸ் கர்ரி 1900 செப்டம்பர் 12 அன்று அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் மில்லிஸ் என்ற ஊரில் பிறந்தார். பெற்றோர் பாஸ்டனில் பேச்சுக்கலைப் பள்ளி நடத்தினார்கள். இன்றைய கர்ரி கல்லூரி அதன் வழிவந்ததே. ‘ஹாஸ்கெல்’ என்ற முதற்பெயர் இன்னும் பழையது. பழைய நார்ஸ் மொழியில் தெய்வம் என்றும் கொப்பரை என்றும் பொருள்படும் இரண்டு சொற்கள் சேர்ந்த ஆட்பெயர் நார்மன்களோடு இங்கிலாந்துக்கு வந்து தேய்ந்து ஹாஸ்கெல் ஆயிற்று.

மருத்துவம் படிக்க ஹார்வர்டுக்குப் போன கர்ரி கணிதத்துக்கு மாறினார். ரஸலும் ஒயிட்ஹெட்டும் எழுதிய ‘பிரின்சிபியா மேத்தமேட்டிகா’வை 1922இல் படித்தபோது, முதல் அத்தியாயத்தில் ஓரிடம் அவரை நிறுத்தியது. ஒரு மாறியின் இடத்தில் இன்னொன்றைப் பதிலிடும் விதி, பார்வைக்கு எளிது. நுணுகிப் பார்த்தால் மற்ற விதிகளைவிட மிகச் சிக்கலானது. அதை இன்னும் அடிப்படையான செயல்களாக உடைக்க முடியாதா என்று தேடத் தொடங்கினார். 1927இல் பிரின்ஸ்டனில் ஆசிரியராக இருந்தபோது, தான் தேடியதை வேறொருவர் ஏற்கெனவே செய்து அச்சிட்டிருப்பது கண்ணில் பட்டது. எழுதியவர் பெயர் மோசஸ் ஷோன்ஃபிங்கெல்.

அன்று ரஷ்யப் பேரரசுக்குள் இருந்த யெகதெரினோஸ்லாவில், அதாவது இன்றைய உக்ரைனின் தினிப்ரோவில் பிறந்தவர் ஷோன்ஃபிங்கெல். ஒடெஸாவில் படித்து 1914இல் ஜெர்மனியின் கோட்டிங்கனுக்கு வந்து, ஹில்பர்ட்டைச் சுற்றியிருந்த கணித வட்டத்தில் பத்தாண்டுகள் இருந்தார். 1920 டிசம்பர் 7 அன்று அங்கிருந்த கணிதச் சங்கத்தில் ஓர் உரை நிகழ்த்தினார். தர்க்கத்தின் கட்டுமானக் கற்கள் எத்தனை குறைவாக இருக்க முடியும் என்பது கேள்வி. அதற்குப் போகும் வழியில் அவர் எடுத்த முதல் அடிதான் நாம் பார்த்த நுட்பம்: இரண்டு உள்ளீடுள்ள சார்பை, முதல் உள்ளீட்டைப் பெற்றதும் இன்னொரு சார்பை விளைவாகத் தரும் சார்பாகக் கருதிக்கொள்ளலாம். அப்படிக் கருதினால் ஒற்றை உள்ளீட்டுச் சார்புகள் மட்டுமே உலகத்துக்குப் போதும். அதன்மேல் நின்று, மாறிகளே இல்லாமல் தர்க்கம் முழுவதையும் இரண்டு மூன்று அடிப்படைக் குறிகளால் எழுதிக் காட்டினார். இவ்வளவு பெரிய செய்தியை இவ்வளவு சிறிய இடத்தில் சொன்ன உரை கணிதத்தில் அரிது.

அந்த உரையைச் செம்மைப்படுத்திக் கட்டுரையாக்கி 1924இல் வெளிவரச் செய்தவர் சகாவான ஹைன்ரிக் பேமன். அதே ஆண்டு ஷோன்ஃபிங்கெல் மாஸ்கோவுக்குப் போனார். பால் பெர்னாய்ஸோடு சேர்ந்து எழுதிய இன்னொரு கட்டுரை சில ஆண்டுகள் கழித்து வந்தது. பிறகு ஒன்றுமில்லை. மனநோய்க்கு ஆளாகி மருத்துவமனையில் இருக்கிறார், இனி அவரால் பணியைத் தொடர முடியாது என்ற செய்தி, ரஷ்யக் கணிதர் அலெக்ஸாந்த்ரோவ் வழியே பிரின்ஸ்டனில் கர்ரியின் காதுக்கு எட்டியது. 1942இல் போர்க்காலத்து மாஸ்கோவில் ஷோன்ஃபிங்கெல் இறந்தார். அவருடைய காகிதங்களை அக்கம்பக்கத்தார் குளிர்காய எரித்துவிட்டார்கள் என்று சொல்லப்படுகிறது.

கர்ரி கோட்டிங்கனுக்கே போய், 1930இல் அங்கே முனைவர் பட்டம் பெற்று, அந்த விதையை ‘காம்பினேட்டரி லாஜிக்’ என்ற முழுத் துறையாக வளர்த்தார். பென்ஸில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் பல பத்தாண்டுகள் அதிலேயே உழைத்தார். ஷோன்ஃபிங்கெலின் பங்கை அவர் ஒருபோதும் மறைத்ததில்லை. அந்த நுட்பத்தை நான் நிறையப் பயன்படுத்தியதால் என் பெயரால் அழைக்கிறார்கள், ஆனால் எனக்கு முன்பே ஷோன்ஃபிங்கெலுக்கு அது தோன்றிவிட்டது என்ற பொருள்பட முதுமையில் எழுதியிருக்கிறார். இன்னும் பின்னோக்கிப் போனால் 1893இல் தர்க்க அறிஞர் ஃபிரேகெயின் நூலிலும் இதே கருத்தின் சாயல் இருக்கிறது.

பெயர் வைத்தது யார்? 1967இல் கோபன்ஹேகனில் நடந்த கோடைப் பள்ளியில் நிரல்மொழிகளின் அடிப்படைகளைப் பற்றி கிறிஸ்டஃபர் ஸ்ட்ரேச்சி ஆற்றிய சொற்பொழிவுகளை வழக்கமாகக் காட்டுவார்கள். ஆனால் அந்தக் குறிப்புகள் 2000இல் அச்சில் வந்தபோது பார்த்தால், நுட்பத்தை அவர் ஷோன்ஃபிங்கெலுக்கே உரியதாகச் சொல்லியிருக்கிறார். ‘கர்ரியிங்’ என்ற சொல் அங்கே இல்லை. எழுத்தில் தெளிவாக நிற்பது 1972இல் ஜான் ரெனால்ட்ஸ் எழுதிய கட்டுரை. கர்ரியின் பெயரால் அழைக்கப்படும் உத்தி என்று அதில் குறிப்பிட்டுவிட்டு, அடைப்புக்குறிக்குள் ஒரு செய்தியையும் சேர்த்திருக்கிறார்: கட்டுரையை மதிப்பிட்டவர், ‘ஷோன்ஃபிங்கெலிங்’ என்பதே கூடுதல் துல்லியம், ‘கர்ரியிங்’ கூடுதல் ருசி என்று கருத்துச் சொன்னாராம். கறி இந்த வரலாற்றுக்குள் எட்டிப்பார்க்கும் முதல் இடம் இது. பெயரைத் தரவில்லை, இரண்டு பெயர்கள் தராசில் இருந்தபோது ஒன்றின் பக்கம் சுவையைச் சேர்த்தது. நாவில் புரளாத ஷோன்ஃபிங்கெலை நிரலாளர்கள் கைவிட்டார்கள். ஜெர்மனியில் மட்டும் ‘ஷோன்ஃபிங்கெல்ன்’ என்ற வினை இன்றும் வழக்கில் உண்டு.

மொழியியலாளர்களும் கைவிடவில்லை. ஐரீன் ஹைமும் அங்கெலிகா கிராட்ஸரும் 1998இல் எழுதிய பொருண்மையியல் பாடநூலில் இந்த நுட்பத்துக்கு ஷோன்ஃபிங்கெலின் பெயரையே இட்டிருக்கிறார்கள். அவர்களுக்கு இது அன்றாடத் தேவை. ‘கண்ணன் பழத்தைத் தின்றான்’ என்ற வாக்கியத்தில் ‘தின்றான்’ என்ற வினைக்கு இரண்டு பெயர்கள் வேண்டும். ஆனால் இரண்டையும் அது ஒரே நேரத்தில் வாங்குவதில்லை. முதலில் செயப்படுபொருளை வாங்கி ‘பழத்தைத் தின்றான்’ ஆகிறது. எழுவாய்க்காகக் காத்திருக்கும் ஒற்றை உள்ளீட்டுச் சார்பு அது. ‘கண்ணன்’ வந்து சேர்ந்ததும் முழுமை பெறுகிறது. ஒரு துறை உரியவரின் பெயரைச் சொல்லியே இத்தனை காலம் பாடம் நடத்த முடிகிறதென்றால் மற்றத் துறைக்கும் முடியும் என்பது என் எண்ணம்.

கறி இரண்டாம் முறை வருவது 1988 ஜனவரியில், யேல் பல்கலைக்கழகத்தில். ஒரு மதிப்பைத் தேவைப்படும்போதுதான் கணக்கிடும் சோம்பல் மதிப்பீட்டு முறையில் இயங்கும் சார்பு மொழிகள் அன்று ஆளுக்கொன்றாகப் பெருகியிருந்தன. எல்லாரும் ஏற்கும் பொது மொழி ஒன்று வேண்டும் என்று முந்தைய ஆண்டு ஓரிகனின் போர்ட்லண்ட் நகரில் கூடி முடிவெடுத்திருந்தார்கள். அந்தக் குழு யேலில் கூடியபோது பெயர் வைக்கும் படலம் நடந்தது. கரும்பலகையில் பல பெயர்கள் எழுதப்பட்டன. மொசார்ட், விவால்டிகூட அதில் இருந்தார்கள். பிடிக்காத பெயரை யாரும் எழுந்து போய் அடித்துவிடலாம் என்பது ஏற்பாடு. அடித்து முடித்ததும் மிஞ்சி நின்ற ஒரே பெயர் ‘கர்ரி’. தர்க்க அறிஞருக்கு மரியாதையாக அதுவே இருக்கட்டும் என்று கலைந்தார்கள்.

அன்றிரவு அவர்களில் இருவருக்குத் தயக்கம் வந்தது. அந்தப் பெயரை வைத்தால் மசாலாக் கறியைச் சுட்டிச் சிலேடைகள் ஓயாது. போதாக்குறைக்கு, சார்பு மொழிகளை ஓட்ட ஜான் ஃபேர்பேர்ன் வடிவமைத்த இயந்திரத்துக்கு ‘டிம்’ என்று பெயர். இரண்டையும் சேர்த்துச் சொன்னால் டிம் கர்ரி என்ற திரைப்பட நடிகர் வந்து நிற்பார். மறுநாள் மீண்டும் பேசி, குடும்பப் பெயரை விட்டு முதற்பெயரை எடுத்துக்கொண்டார்கள். மொழிக்கு ஹாஸ்கெல் என்று பெயராயிற்று. இந்தச் செய்தியைப் பின்னாளில் அந்தக் குழுவினரே ஹாஸ்கெல் மொழியின் வரலாறாக எழுதிவைத்தார்கள். தமிழிலிருந்து போன சொல் அந்த அறைக்குள் செய்தது இதுதான்: ஒரு மொழிக்குப் பெயராகவிருந்த குடும்பப் பெயரை விலக்கி, முதற்பெயருக்கு இடம்விடச் செய்தது. கறி இங்கிலாந்துக்கும் அமெரிக்காவுக்கும் போயிராவிட்டால், அந்தச் சிலேடைப் பயத்துக்கே இடமிருந்திருக்காது. சொல்லாராய்ச்சியில் பிறப்பைக் கண்டுபிடிப்பதற்குத்தான் நாம் பெரும்பாலும் ஏங்குகிறோம். ஒரு சொல் இன்னொரு பெயரைத் தடுத்து நிறுத்திய இடத்தைக் கண்டுபிடிப்பது எனக்கு அதைவிட அரிதாகவும் மகிழ்ச்சியாகவும் இருக்கிறது.

கர்ரி அதற்கு முன்பே, 1982இல் காலமாகியிருந்தார். அவருடைய மனைவி வர்ஜீனியாவிடம் அனுமதி கேட்டு பால் ஹூடாக்கும் டேவிட் வைஸும் கடிதம் எழுதினார்கள், அவர் இசைந்தார். ஹூடாக் பிறகு அவருடைய வீட்டுக்கே போய்ப் பார்த்தார். விடைபெறும்போது அந்த அம்மையார், தன் கணவருக்கு ஹாஸ்கெல் என்ற பெயர் பிடித்ததே இல்லை என்று சொன்னாராம்.

மொழியின் முதல் அறிக்கை 1990 ஏப்ரல் முதல் நாள் வெளியானது. அதோடு வரும் அடிப்படைச் சார்புகளின் தொகுப்பில் ‘கர்ரி’ என்றே ஒரு சார்பு இருக்கிறது, அதற்கு எதிராக ‘அன்கர்ரி’ என்று இன்னொன்றும் இருக்கிறது. முதலாவது, இரண்டு உள்ளீடுகளை ஓர் இணையாக வாங்கும் சார்பை ஒவ்வொன்றாக வாங்கும்படி மாற்றுவது. அடுத்தது, ஒவ்வொன்றாக வாங்குவதை மறுபடி இணையாக வாங்கும்படி ஆக்குவது. 1990களின் நடுவில், ஹாஸ்கெலை ஒட்டியே சார்பு நிரலாக்கத்தையும் தர்க்க நிரலாக்கத்தையும் இணைக்கும் புதிய மொழி ஒன்றை மைக்கேல் ஹானஸும் சக ஆய்வாளர்களும் வடிவமைத்தார்கள். அதற்கு அவர்கள் வைத்த பெயர் கர்ரி.